அறுபத்தொன்பது அடிக் கயிறு

சேலம் டவுன் ஸ்டேஷனில் விருத்தாசலம் போகும் பயணிகள் வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் அயோத்தியாப்பட்டணம். சன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்து, தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இறங்க வேண்டியதுதான். பஸ்ஸில் போயிருந்தால் இன்னும் சுலபம். ஆனாலும் மீட்டர் பாதையாக இருந்த காலத்தில் இந்தத் தடத்தில் ஆத்தூர் வரை போன நினைவு எனக்கு இருக்கிறது. அந்தப் பழைய பாதையில், ஒரு பழைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆசை.

வைகாசி மாதம். காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. வடக்கே சேர்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் மாம்பழம், பக்கத்தில் தரையில் நாலைந்து பலாப்பழம். என் பையில் ஒரு மாற்றுப் புடவையும், தோல் உறையில் ஓரடி நீளமுள்ள மூங்கில் சட்டம் ஒன்றும் இருந்தன. அந்தச் சட்டத்தின் பெயர் ஸ்லைடு ரூல்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். இருபது வருடமாகக் கணினியில்தான் வேலை. மூன்று வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு தொகையில் சுழி ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. நாலு பேர் கையெழுத்துப் போட்டு அந்தத் தாள் நகர்ந்தது. நாலு பேரில் நானும் ஒருத்தி. கணினி சொன்ன எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பத்து மடங்கு பெரிய ஒரு தொகை கண்ணெதிரே நிற்கும்போது ‘இது இவ்வளவு இருக்காதே’ என்று மனசு சொல்லியிருக்க வேண்டும். என் மனசு சொல்லவில்லை. அது என்னை நெடுநாள் உறுத்தியது. அதற்குப் பிறகுதான் சென்னை மூர் மார்க்கெட் பழைய சாமான் கடை ஒன்றில் இந்த ஸ்லைடு ரூலைப் பார்த்தேன். ஜப்பானில் ஹெம்மி நிறுவனம் செய்தது. மூங்கில் மேல் வெள்ளைத் தகடு ஒட்டி, அதில் முடி போன்ற கோடுகள். கையில் எடுத்து நடுச்சட்டத்தை நகர்த்தினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. வாங்கிவிட்டேன்.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணை நீளமாக மாற்றி வைப்பதுதான் ஸ்லைடு ரூலின் வித்தை. சாதாரண அளவுகோலில் 1, 2, 3 எல்லாம் சம இடைவெளியில் இருக்கும். இதில் அப்படி இல்லை. 25 சென்டிமீட்டர் நீளக் கோட்டில் 1 இடது ஓரத்தில் தொடங்குகிறது; 2 ஏழரை சென்டிமீட்டரில் இருக்கிறது; 3 ஏறக்குறைய பன்னிரண்டில்; 6 பத்தொன்பதரைக்கு ஒட்டி. ஏழரையையும் பன்னிரண்டையும் கூட்டிப் பாருங்கள், பத்தொன்பதரை. இரண்டு நீளங்களை ஒட்டி வைத்தால் இரண்டு எண்களின் பெருக்கல் கிடைத்துவிடுகிறது. பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்த மடக்கை முறையை ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் வெளியிட்டது 1614-ல். சில ஆண்டுகளிலேயே வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இரண்டு மடக்கைக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று நகர்த்தினால் போதும் என்று கண்டுபிடித்துவிட்டார். 1972-ல் ஹெச்.பி-35 என்ற கைக்கணிப்பான் 395 டாலர் விலைக்கு வரும்வரை உலகத்துப் பொறியாளர்களின் சட்டைப்பையில் இருந்தது இதுதான். அணை, பாலம், விமானம் எல்லாம் இதில் போட்ட கணக்கு. அப்பல்லோ பயணங்கள் சிலவற்றில் நிலாவரைக்கும் போய்வந்திருக்கிறது.

நானே பழகிக்கொண்டேன். பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் வரை வந்துவிட்டது. ஆனால் என் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு கோடு இருந்தது. அது 1-ல் தொடங்கவில்லை, 3.14-ல் தொடங்கி, நடுவில் 1 வந்து, மறுபடி 3.14-ல் முடிந்தது. அதை எதற்கு வைத்தார்கள் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பெருக்கும்போது விடை சட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டால் உதவும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். கூடவே பழகிய தோழி ஒருத்திதான் சொன்னாள்: “எங்க ஊருப்பக்கம் ஒரு சார் இருக்கார். பாலிடெக்னிக்ல சிவில் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட போயேன்.”

முந்தின நாள் இரவு சேலத்தில் தங்கினேன். அம்மாப்பேட்டைப் பக்கம் நடந்தபோது, மாடி ஒன்றில் அபாகஸ் வகுப்பு என்று பலகை தொங்கியது. எட்டு வயதுப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் விரலால் மணி தள்ளிக் கணக்குப் போடுகிறார்கள். ஜப்பானியச் சோரபான் மணிச்சட்டம்தான் அது. ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நாலு. 1946 நவம்பரில் டோக்கியோவில், மட்சுசாகி என்ற தபால்துறைக் கணக்கர் மணிச்சட்டத்தை வைத்துக்கொண்டு, மின்கணக்கு இயந்திரம் இயக்கிய அமெரிக்கப் படைவீரரை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்தார். பிள்ளைகளுக்கு அது ஓட்டப்பந்தயம் மாதிரி. சந்தோஷம்தான். நான் தேடிவந்தது வேகத்தை அல்ல.

சாரின் வீடு அரூர் சாலை பிரிகிற இடத்திலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். ஓட்டு வீடு, இரண்டு பக்கமும் திண்ணை. வேப்பமரத்தடியில் ஒரு டி.வி.எஸ். எண்பதைத் தொட்ட மனிதர், வெள்ளை வேட்டி, கைவைத்த பனியன். என்னைப் பார்த்ததும் “வாம்மா, ரயில்லயா வந்தே? பஸ்ல வந்திருந்தா வாசல்லயே எறங்கியிருக்கலாமே” என்றார். நான் சட்டத்தை உறையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கினார். முதலில் எண்ணைப் பார்க்கவில்லை. சட்டத்தின் மேல் நகரும் கண்ணாடித் துண்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளினார், நடுச்சட்டத்தை முழுக்க இழுத்து மூங்கிலை மோந்து பார்த்தார், மறுபடி செருகினார். “மூங்கில்தான்மா நல்லது. மழைக்காலத்துல மரச்சட்டம் ஊதிப்போய் பிடிச்சுக்கும். இது பிடிக்காது.”

காபி வந்தது. உள்ளேயிருந்து சாரின் துணைவியார், “கண்ணு, சாப்புட்டுட்டு ஒக்காந்து படி. அவரு ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு” என்றார். உண்மைதான்.

அறுபதுகளில் அவர் டிப்ளமோ படித்தபோது வகுப்பில் சொந்த ஸ்லைடு ரூல் வைத்திருந்தவர்கள் ஏழு பேராம். மற்றவர்கள் கிளார்க்ஸ் டேபிள்தான். மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, கூட்டி, மறுபடி எதிர்மடக்கை பார்த்து எழுதவேண்டும். கூலிவேலைக்குப் போன அப்பா, இரண்டு ஆடு விற்று இவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். “தேர்வு ஹால்ல பக்கத்துப் பையனுக்குக் கடன் குடுப்பேன். ஒரு பெருக்கல், அவனுக்கு. அடுத்த பெருக்கல், எனக்கு.” அந்தச் சட்டம் இப்போது அவரிடம் இல்லை. தன்னிடம் படித்து வேலைக்குப் போன ஒரு மாணவனுக்குக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

மேல்விளிம்புக் கோட்டைக் காட்டினேன். சிரித்தார். “இதுக்கு வீட்டுக்குள்ள பதில் கெடையாது. கெணத்துக்குப் போவோம், வா.”

வீட்டுக்குப் பின்னால் இரண்டு வரப்பு தாண்டி அவர்களுடைய வட்டக்கிணறு. கல்கட்டு, மேலே ஒரு அடி கனத்தில் சுற்றுச்சுவர். உள்ளே எட்டிப் பார்த்தால் புறா பறந்தது. கையில் ஒரு தென்னங்கயிற்றுச் சுருளும், அடி நாடாவும் கொண்டுவந்திருந்தார். “கெணத்தோட குறுக்களவு என்ன, சொல்லு.”

நாடாவை நான் குறுக்கே நீட்டப் பார்த்தேன். மறுபக்கம் யார் பிடிப்பது? நடுவில் தொய்ந்தால் அளவு தப்பும். மையத்தின் வழியாகப் போகிறதா என்பதும் தெரியாது. அவர் கயிற்றை என் கையில் கொடுத்து, சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்து வரச் சொன்னார். நடந்தேன். நெருஞ்சி முள் காலில் தைத்தது. கயிறு சந்தித்த இடத்தில் முடிச்சுப் போட்டு, தரையில் நீட்டி அளந்தோம். 69 அடி.

“இப்ப அந்த மேல்கோட்டுல 69-ஐப் பிடி.” கண்ணாடியை 69 மேல் வைத்தேன். “நடுச்சட்டத்தைத் தொடாதே. நேரா கீழ்க்கோட்டப் பாரு.” கண்ணாடியின் முடிக்கோடு கீழே 22-க்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. “அதான் குறுக்களவு. மேல இருக்குறது சுத்தளவு, கீழ இருக்குறது குறுக்களவு. எந்த வட்டத்தையும் பெருக்காம, வகுக்காம, பாத்தே சொல்லிடலாம். மரத்தைச் சுத்தி கயிறு போடு, பீப்பாயைச் சுத்திப் போடு, எல்லாத்துக்கும் இதே.”

இத்தனை நாளாக என் கண்ணெதிரே கிடந்த கோடு. ஒரு கிணற்றைச் சுற்றி நடந்த பிறகுதான் அது எனக்குப் பேசியது. சுவரின் கனம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி என்று கழித்தால், கிணற்றின் குறுக்களவு 20 அடி. கயிற்றின் நுனியில் கல் கட்டி இறக்கித் தண்ணீர் ஆழத்தை அளந்தோம். நனைந்த பகுதி 12 அடி.

“சட்டத்தை எடுக்கறதுக்கு முன்னால வாயால சொல்லு. எவ்வளவு தண்ணி?”

இதுதான் அவருடைய பாடம். ஸ்லைடு ரூல் புள்ளியைச் சொல்லாது. 3-7-7 என்று காட்டும், அது 37.7-ஆ, 377-ஆ, 3770-ஆ என்பது உங்கள் பொறுப்பு. அதனால் கணக்குப் போடுமுன் மனசில் ஒரு தோராயம் இருந்தே ஆகவேண்டும். நான் யோசித்தேன். இருபது இருபது நானூறு. நானூறைப் பன்னிரண்டால் பெருக்கினால் 4800. அது சதுரக் கிணறாக இருந்தால். வட்டம் என்பதால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. 3600-க்கு மேலே, 4000-க்குள்ளே. கனஅடிக்கு 28 லிட்டர் சொச்சம். ஆகவே ஒரு லட்சம் லிட்டருக்குப் பக்கத்தில். “ஒரு லட்சம் லிட்டர் சார்.”

“இப்ப போடு.” போட்டேன். சட்டம் 377 காட்டியது, அதாவது 3770 கனஅடி. அதை 28.3-ஆல் பெருக்க, 107. ஒரு லட்சத்து ஏழாயிரம் லிட்டர். மோட்டார் நொடிக்கு 5 லிட்டர் இறைத்தால், ஊற்று எதுவும் வராவிட்டால், ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும்.

பழக்கதோஷம், போனை எடுத்துச் சரிபார்த்தேன். 1,06,752 என்று காட்டி, புள்ளிக்குப் பின்னும் ஏதேதோ இலக்கங்கள். சட்டம் சொன்னது ஒரு லட்சத்து ஏழாயிரம் என்பதால், எனக்கு உள்ளூரப் போன்தான் துல்லியம் என்று தோன்றியது. சார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். “கயிறு அரை அடி தொய்ஞ்சிருக்கலாம் இல்லையா? நீ முள்ளு குத்துன எடத்துல நின்னியே, அங்க கயிறு சுவரை விட்டு விலகுச்சு, நான் பாத்தேன். அரை அடி தப்புனா எத்தனை லிட்டர் தப்பும், போட்டுப் பாரு.”

சுற்றளவில் அரை அடி என்றால் குறுக்களவில் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல். 1,700 லிட்டர்! எங்கள் அளவில் ஆயிரம் லிட்டரே நிச்சயமில்லை. அப்படியிருக்க, போன் கடைசியில் காட்டிய அந்த 52 லிட்டர் எங்கிருந்து வந்தது? அது கிணற்றில் இல்லை. கயிற்றிலும் இல்லை. கணிப்பானுக்குள் மட்டும் இருக்கிறது. மூன்று இலக்கத்துக்கு மேல் தெரியாதது ஸ்லைடு ரூலின் குறை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கயிறும் கையும் அளக்கிற உலகத்தில் மூன்று இலக்கம்தான் நாணயமான விடை. அந்த மூங்கில் சட்டம் தனக்குத் தெரியாததைச் சொல்வதில்லை.

கிணற்று மேட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கூடுதல் சுழியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “இனிமே எந்த எண்ணைப் பாத்தாலும், பாக்கறதுக்கு முன்னால ஒரு தடவை வாயால சொல்லிடு” என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சார் வீட்டு அம்மா வாசலில் நிலக்கடலைப் பருப்பு அளந்துகொண்டிருந்தார். ஆடிப்பட்டத்து விதைக்கு எடுத்து வைப்பது. படியைக் குவித்து, விரலால் வழித்து, “லாபம்” என்று சொல்லிச் சாக்கில் கொட்டினார். பிறகு ரெண்டு, மூணு. ஒன்று என்ற சொல்லைத் தமிழ்நாட்டுக் களங்களில் அளக்கிறவர்கள் சொல்வதில்லை. முதல் படி எப்போதும் லாபம்தான். பத்து ஆனதும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் திண்ணை ஓரத்தில் வைத்தார். யாரோ வாசலில் வந்து விலை விசாரித்தார்கள், பேசி அனுப்பினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கடைசியில் நாலு புளியங்கொட்டை, மேலே ஆறு. நாற்பத்தாறு படி. நாலு கொட்டையும் அங்கேயே இருந்தன, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நான் தேடிவந்த கைக்கணக்குக் கருவிகளில் மிகப் பழையது என் கண்முன்னால் இருந்தது.

சாரின் அப்பா திண்ணைப் பள்ளியில் சில மாதங்கள் உட்கார்ந்தவராம். முந்திரி, காணி, மாகாணி என்று அவர் தூக்கத்தில்கூடச் சொல்வாராம். இந்தப் பின்னங்களை நான் படித்திருக்கிறேன், ஆனால் அவற்றின் அழகு எனக்கு அங்கேதான் உறைத்தது. முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. ஏன் 320? தமிழ்க் கணக்கில் பின்னங்கள் இரண்டு குடும்பமாக ஓடின. ஒன்று பாதி பாதியாகப் போவது: அரை, கால், அரைக்கால், மாகாணி; மாகாணி பதினாறில் ஒன்று. இன்னொன்று மா என்கிற இருபதில் ஒன்றை வைத்துப் போவது: மா, இருமா, மும்மா, நாலுமா. பதினாறு இருபதுக்குள் சரியாக அடங்காது. இரண்டையும் பெருக்கினால் 320. மாகாணி என்றால் இருபது முந்திரி. மா என்றால் பதினாறு முந்திரி. சந்தையில் எந்தக் குடும்பத்துப் பின்னம் வந்தாலும் முந்திரியில் கூட்டிவிடலாம். அதற்கும் கீழே, முந்திரியில் 320-ல் ஒரு பங்கு கீழ்முந்திரி. இம்மியளவும் என்கிறோமே, அந்த இம்மி கீழ்முந்திரியில் 21-ல் ஒரு பங்கு. எண்சுவடியை ஒப்பித்து ஒப்பித்து இதையெல்லாம் பிள்ளைகள் நினைவில் ஏற்றிக்கொண்டார்கள்; கருவி தலைக்குள்ளேயே இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் இது எப்படி நடந்தது என்பதை வரலாற்றாய்வாளர் செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மெட்ரிக் முறை வந்து, 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தபோது அந்தக் கருவிக்கு வேலை இல்லாமல் போனது. நூறாகப் பிரிப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் முக்கால் அரைக்காலைச் சட்டென்று கூட்டத் தெரிந்த ஒரு ஊரே ஒரு தலைமுறைக்குள் மறந்துவிட்டது என்பது சின்ன இழப்பு அல்ல.

ஸ்டேஷன் வாசலில் வாங்கிவந்த பலாப்பழத்தைப் பார்த்ததும் சாருக்குக் கணக்கதிகாரம் நினைவுக்கு வந்தது. காரிநாயனார் எழுதிய பழைய கணக்கு நூல். காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை என்று அதில் ஒரு கணக்கு உண்டு. முள்ளை எண்ண உட்கார்ந்தோம். எது காம்பைச் சுற்றியது, எது அடுத்த வரிசை என்பதில் எங்கள் இருவருக்கும் சண்டை வந்து, அம்மா அரிவாள்மணையோடு வந்து பழத்தைப் பிளந்துவிட்டார். சுளை இனிப்பாக இருந்தது.

சாயங்காலம் கோதண்டராமர் கோயிலுக்குப் போனோம். நாயக்கர் காலத்துத் தூண்கள் நிறைந்த மண்டபம். குதிரை வீரர்களும் அரச உருவங்களும் கல்லில் அப்படியே நகையோடு நிற்கிறார்கள். அந்தி வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பார்க்கவேண்டும். கல் இளகினாற்போல் இருக்கிறது. ஊர்ப்பெயருக்கு இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் வழியில் ராமர் இங்கே தங்கினார். பட்டாபிஷேகத்துக்குக் குறித்த நல்ல நேரம் இங்கேயே வந்துவிட்டது. அதனால் இங்கேயே பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி கொடுத்தார். தூரமும் நேரமும் தப்பிப்போன ஒரு கணக்கில் பிறந்த ஊர்!

நேரம் என்றதும் சாருக்குச் சொல்ல என்னிடமும் ஒன்று இருந்தது. காலையிலிருந்து அவரே கொடுத்துக்கொண்டிருந்தார். இது என் முறை. ஜான் வாரன் என்று ஒரு ராணுவ அதிகாரி. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் சில வருடங்கள் இருந்தவர். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய காலசங்கலிதம் என்ற பெரிய நூல் 1825-ல் சென்னையில் வெளியானது. அதற்காக அவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் பேனா எடுக்கவில்லை, காகிதம் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, சோழிகளை வரிசை வரிசையாக வைத்து, எடுத்து, மாற்றி வைத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தேவையான அட்டவணைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுத்துக்கு எழுத்து ஓர் எண் என்று வைத்துக் கட்டிய வாக்கியங்கள் அவை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. 248 நாளில் சந்திரன், பூமிக்கு மிக அருகில் வந்து விலகும் சுற்றை ஒன்பது தடவை முடித்துவிடும். வாக்கியப் பஞ்சாங்கம் என்று இன்றும் நாம் சொல்வது இதைத்தான்.

1825 மே 31 இரவு நடந்த கிரகணத்துக்கு அவர் சோழியில் போட்ட கணக்கு, தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் தப்பியது. வானவியல் கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் எழுதிவைத்தார். நூற்றிருபது வருடங்களுக்கு மேல் கழித்து, பண்டைக் கணிதத்தின் பெரிய வரலாற்றாசிரியரான ஓட்டோ நாய்கபாவர் அந்தப் பக்கங்களைப் படித்து வியந்தார்; பாபிலோனியர்களின் கணித முறைகளுக்கு உறவான ஒன்று தமிழ்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்திருக்கிறது என்று எழுதினார். எத்தனை தலைமுறை கைமாறி வந்திருக்கும்! கோட்பாடு தெரியாதவர் என்று அவரைத் தாழ்த்திப் பேச எனக்கு மனம் வரவில்லை. தரை, ஒரு பிடிச் சோழி, நினைவு. வேறு எதுவும் இல்லாமல் பூமியின் நிழல் எப்போது நிலவைத் தொடும் என்று நாலு நிமிடப் பிழைக்குள் சொன்னவர் அவர்.

சார் தூணில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “எங்க வீட்டம்மா புளியங்கொட்டை வெக்குறா. அவரு சோழி வெச்சாரு” என்றார். பிறகு, “அவரு யாருக்காவது சொல்லிக்குடுத்தாரா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இரவு புறப்படுமுன், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து துணி போர்த்திய ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்தார். ஃபேசிட். ஸ்வீடன்காரர்களின் கைப்பிடிக் கணக்கு இயந்திரம். ஒரு காலத்தில் புள்ளியியல் படித்தவர்களின் செய்முறைத் தேர்வு முழுவதும் இதன் கடகட சத்தத்தில்தான் நடந்தது. எண்ணைத் தட்டி, பக்கவாட்டுப் பிடியை ஒருமுறை சுற்றினால் ஒருமுறை கூடும். 23-ஐ 47-ஆல் பெருக்க நாற்பத்தேழு தடவை சுற்றவேண்டாம். ஏழு சுற்று, ஓரிடம் நகர்த்தி நாலு சுற்று, மொத்தம் பதினொன்று. 1081 வந்து நிற்கும். 98-ஆல் பெருக்கவேண்டுமா? பதினேழு சுற்று சுற்றுகிறவன் புதுசு என்றார். நூறின் இடத்தில் முன்னால் ஒரு சுற்று, ஒன்றின் இடத்தில் பின்னால் இரண்டு சுற்று. மூன்றே சுற்றில் முடிந்தது. வகுக்கும்போது பின்னால் சுற்றிக்கொண்டே போனால், அளவு மீறிய நொடியில் உள்ளே ஒரு மணி அடிக்கும். ஒரு சுற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகரவேண்டும். அந்த மணிச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நாலைந்து வகுத்தல் போட்டேன். ஒரு பல்சக்கரம் மட்டும் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய் போட்டுப் பார்த்திருக்கிறார், சரியாகவில்லை. பழுது பார்த்தவர் இப்போது இல்லை.

சேலம் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் இருந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கையில் அம்மா கொடுத்த பலாச்சுளைப் பொட்டலம். உடையாப்பட்டி தாண்டும்போது, நடத்துனர் டிக்கெட் இயந்திரத்தில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். எத்தனை பேர் இருப்போம், எவ்வளவு வசூலாகியிருக்கும் என்று நான் எனக்குள் வாயால் சொல்லிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று தடவை அயோத்தியாப்பட்டணம் போய்வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு கற்றுக்கொடுக்கிறார். சைன் கோடும் டேன் கோடும் இன்னும் பாக்கி. மலையின் உயரத்தை வயலில் நின்று கணிப்பதற்கு அவை வேண்டும் என்கிறார். சேர்வராயன் மலையைக் காட்டித்தான் சொல்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணில் தோல் உறையில் ஒரு சட்டமோ, துணி சுற்றிய ஒரு கனத்த இயந்திரமோ, மரக்காலோ, எண்சுவடியோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதைக் கையாண்டவர் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். கிணறு இருந்தால் கயிற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.